எல்லாத் தோளுக்கும் ஒரே அளவு

குண்டு மணல்மேட்டுக்குள் போனது. துப்பாக்கி மேலிருந்த குறிபார்க்கும் ஸ்கோப்பின் விளிம்பு டார்லாவின் புருவத்துக்குள் போனது.

போன வருடத் தழும்பின் மேலேயே, துளி பிசகாமல். அப்பாவின் அந்தத் துப்பாக்கி குறி தவறாமல் அடித்தது இதுவரை அவளை மட்டும்தான்.

நல்லவேளை, அது கணக்கில் சேராத வெள்ளோட்டக் குண்டு.

மான் வேட்டை தொடங்க இன்னும் சில நாட்களே இருந்தன. வேட்டை முகாமின் சட்டம் எளிமையானது. நூறு கஜத்துக்கு அப்பால் ஆணியடித்த காகிதத் தட்டில் மூன்று குண்டும் விழ வேண்டும். மூன்று வருடம் தொடர்ந்து தவறினால், மானுக்காக நீ காத்திருக்கும் பரண் வேறு ஆளுக்கு.

டார்லாவுக்கு இது மூன்றாவது வருடம்.

பரண், தேவதாரு மரங்களுக்கு நடுவே அவள் அப்பா தன் கையால் கட்டியது. அவர் கடைசியாக உட்கார்ந்த பலகையில் இன்னும் அவருடைய காப்பிக் கறை இருக்கிறது. முகாமில் பாதிப் பேருக்கு நண்பன் க்ளென். அவனுடைய மச்சான் அந்தப் பரணில் போட ஒரு மெத்தை நாற்காலியே வாங்கிவிட்டான். விலைச்சீட்டுகூடக் கிழியாமல் அது வண்டியில் காத்திருந்தது.

"துடைச்சுக்கோ," என்றார் பெரியப்பா ஆர்வோ, மேடைப் படியின் மேலிருந்து.

ஆர்வோதான் முகாமின் தலைவர். சட்டமும் அவரே, சட்டத்துக்கு விளக்கவுரையும் அவரே. எப்போதும் ஏதாவது ஒரு படியின் மேல்தான் நிற்பார். மேலே உயரமான கம்பளித் தொப்பி, கீழே கனமான குதிவைத்த பூட்ஸ். அவரை ஒருமுறை பார்த்தவர்கள் நெட்டையான மனிதர் என்றே நினைவில் வைத்திருப்பார்கள்.

தோளில் பதிக்கும் மரக்கட்டை குட்டையாக இருக்கும் துப்பாக்கி சின்னப் பசங்களுக்கு என்பது அவர் கொள்கை. ஆள்தான் துப்பாக்கிக்கு ஏற்றபடி வளர வேண்டும்.

டார்லா வளர்ந்து முடித்து இருபது வருடம் ஆகிறது.

அப்பாவின் துப்பாக்கிக் கட்டையை அவள் தோளில் பதித்தால் விரல் விசைக்கு எட்டாது. விரல் எட்டினால் கட்டை தோளில் பதியாது. கழுத்தை நீட்டி ஸ்கோப்பை எட்டிப் பார்த்தால், வெடித்த கையோடு அதுவே வந்து முத்தம் கொடுக்கும்.

கட்டையைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளட்டுமா என்று போன வருடமே கேட்டாள்.

"செத்தவன் துப்பாக்கியில ரம்பம் வைக்கறதும் அவன் கால வெட்டறதும் ஒண்ணுதான்," என்றார் ஆர்வோ. மேசையைச் சுற்றியிருந்த இரண்டு பேர் தொப்பியைக்கூடக் கழற்றினார்கள். அதற்குப் பிறகு ரம்பத்தைப் பற்றி யார் பேச முடியும்?

இப்போதும் அவர் விடவில்லை. "துப்பாக்கி மேல தப்பு இல்லம்மா. தோள்ல தெம்பு இல்ல. என்னோடதையே எடுத்தாலும் உனக்கு இதே கதைதான்."

"அப்ப குடுங்களேன் ஆர்வோ," என்றான் க்ளென், வாய் நிறைய இறைச்சிப் பணியாரத்தோடு. "பாத்துருவோம்."

எல்லோரும் திரும்பினார்கள்.

ஆர்வோவின் துப்பாக்கியை அதுவரை யாரும் தொட்டதில்லை. கரடிக்குக்கூட அதிகப்படியான தோட்டா. கட்டையின் பின்பக்கம் முழுக்க மூடிய, கயிறு கோத்த தோல் உறை. அதைத் துடைப்பதென்றால்கூட அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். பயபக்தி என்று நினைத்திருந்தார்கள்.

அவர் க்ளென்னைப் பார்த்தார். மற்றவர்களைப் பார்த்தார். சொன்ன வார்த்தை தலைக்கு மேலே பனிமூச்சாக இன்னும் நின்றது.

"மல்லாந்து விழுந்துட்டு என்னைக் கேக்காத," என்று நீட்டினார்.

டார்லா புருவத்தைச் சட்டைக் கையால் ஒற்றிக்கொண்டு, பல்லைக் கடித்து, துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனாள்.

கட்டை வந்து தானாக உட்கார்ந்தது.

கன்னம் மரத்தில் படிந்தது. விரல் விசையைத் தேடவில்லை. விசை விரலுக்கடியில் இருந்தது. ஸ்கோப்புக்குள் கறுப்பு விளிம்பு இல்லாத முழு வட்டம். நடுவில், பௌர்ணமி மாதிரி காகிதத் தட்டு.

சுட்டாள். தோளை யாரோ பலமாகத் தள்ளியது போலிருந்தது. அவ்வளவுதான்; தள்ளினால் நிற்க அவளுக்குத் தெரியும்.

மறுபடி சுட்டாள். மறுபடியும்.

க்ளென் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"மூணும் தட்டுலதான்யா! காப்பிக் கோப்பையா இருந்தாலும் மூணும் உள்ள விழுந்திருக்கும்!"

யாரோ கத்தினார்கள். யாரோ அவள் முதுகில் அறைந்தார்கள். க்ளென்னின் மச்சான் வண்டியைப் பார்க்கப் போனான்.

டார்லா மட்டும் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. குண்டறையைத் திறந்து காலி என்று உறுதிசெய்துகொண்டு, கட்டையைத் தடவினாள். தோல் உறைக்கு அடியில், கட்டையின் முனையிலிருந்த ரப்பர் மெத்தைக்குக் கொஞ்சம் முன்னால், விரலில் ஒரு மெல்லிய வரம்பு தட்டியது. மரத்தோடு மரம் சரியாகச் சேராத இடம்.

அவள் விரல் அங்கேயே நின்றது. ஆர்வோ அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிக்குக் கீழே போய் நின்று, துப்பாக்கியை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள்.

"அப்பா துப்பாக்கிய இன்னைக்கே ரம்பத்துக்குக் குடுக்கறேன் பெரியப்பா. எவ்வளவு எடுக்கச் சொல்லட்டும்?"

ஆர்வோ படியிலிருந்து இறங்கினார். இப்போது இருவர் கண்களும் ஒரே மட்டத்தில் இருந்தன.

மற்றவர்கள் தட்டைப் பிடுங்கிவர ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்வது போலக் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"ஒண்ணேகால் அங்குலம். அப்புறம் ஒரு தோல் உறை வாங்கிப் போட்டுரு. வெட்டுனது தெரியாது."

"எனக்கு எதுக்குப் பெரியப்பா உறை?" என்றாள் டார்லா, சத்தமாகவே.