ஒன்பதாவது தலை

அவள் மேடையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இனி அசையக் கூடாது.

மாடலாக உட்கார வேண்டியவருக்குக் காய்ச்சல். பிரான்சின் லியோன் நகரத்து மாலை வகுப்பில் ஒன்பது பேர் களிமண்ணைப் பிசைந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வேறு வழி? சிற்பம் சொல்லித்தருகிறவளே உட்கார வேண்டியதாயிற்று.

முப்பது வருடமாக ஊரார் முகத்தையெல்லாம் செதுக்கியவள். மேயர்கள், பாதிரியார்கள், ஒரு குதிரை. தன் முகத்தை மட்டும் யாரிடமும் கொடுத்ததில்லை.

இன்றைக்கு ஏறுமுன் இரண்டு முறை தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

காரணம், ஜன்னலோரம் நின்றிருந்தார். ஒக்தாவ். ஒன்பது பேரில் ஒருவர், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். மூன்று மாதமாக அவரை அவளுக்குப் பிடித்திருந்தது. அவருக்கே தெரியாது. தெரிந்தால் மானம் போய்விடும் என்று, வகுப்பில் அவரிடம் மட்டும் கூடுதலாகச் சிடுசிடுத்து வந்தாள்.

மேடை சுழலும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் திருப்பிவிடுவார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் முகம், காது, பிடரி என்று முழுத் தலையும் கிடைக்கும்.

ஒன்பது முறை திரும்பினாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாள். அது அவளுக்குக் கைவந்த கலை.

முடிந்ததும் இறங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எட்டுத் தலைகளும் உர்ரென்றுதான் இருந்தன. ஒருத்தி மூக்கைத் தாராளமாக வைத்திருந்தாள். போகட்டும், தப்பித்தோம் என்று நினைத்தாள்.

ஒன்பதாவது தலை சிரித்தது.

வாயில் இல்லை. கண்ணோரம், இரண்டே கோடு.

"நான் எங்கே சிரிச்சேன்?" குரல் உயர்ந்துவிட்டது.

ஒக்தாவ் பயந்துபோனார். "இந்தப் பக்கம் திரும்பினப்ப சிரிச்சீங்க, மதாம். பத்து நிமிஷமும். பார்த்ததை மட்டும் வைங்கன்னு நீங்கதானே சொல்வீங்க?"

வகுப்பே எட்டிப் பார்த்தது. அவளுக்குக் காது வரை சூடேறியது. சந்தோஷமாகவும் இருந்தது. அதுதான் பெரிய வெட்கம்.

வகுப்பு முடிந்தால் எல்லாவற்றையும் நசுக்கித் தொட்டியில் போட்டுவிடுவது அங்கே வழக்கம். மண் அடுத்த வாரத்துக்கு வேண்டும். எட்டுத் தலைகளும் தொப் தொப்பென்று விழுந்தன. ஒக்தாவும் சிரித்த முகத்தை நசுக்க இரண்டு கைகளையும் கொண்டுபோனார்.

காது இறங்கியிருக்கிறது, கழுத்து குட்டை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"அதை நசுக்காதீங்க."

அவர் கைகள் அப்படியே நின்றன.

முற்றத்தில் இருந்தது ஒரே ஒரு குழாய்; எப்போதும் ஒவ்வொருவராகத்தான் போவார்கள். இன்றைக்கு மற்ற எட்டுப் பேரும் ஒன்றாகக் கை கழுவப் போனார்கள்.