உள்ளங்கால்

ஊர் நூலக அரங்கில் உலகக் குறும்பட விழாவின் இரண்டாம் நாள். திரையில் ஏதோ தூரத்து நாட்டுக் காவல்நிலையம். இரண்டு போலீஸ்காரர்கள் ஓர் இளைஞனை முதுகில் அடித்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர் சத்தமாகச் சிரித்தார்.

“இப்படியா அடிப்பானுங்க? முதுகுல தடம் விழுந்துருமே. உள்ளங்கால்ல அடிக்கணும்.”

“ஏட்டையாவுக்குத் தெரியாததா!” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

விழாவை நடத்தும் அருளப்பன் ஏட்டுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தான். பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் அவனுடைய தம்பி அமலனை விசாரணைக்கு என்று கூட்டிப் போனார்கள். மூன்றாம் நாள் பிணமாகக் கொடுத்தார்கள். உடம்பில் ஒரு காயம்கூட இல்லை, மாரடைப்பு என்றார்கள். அம்மாதான் பாதத்தைத் தொட்டுப் பார்த்துக் கத்தினாள்.

அருளப்பன் முன்னால் குனிந்தான். “அப்புறம் என்னய்யா செய்வீங்க?”

கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஏட்டு திரும்பினார். “அடிச்சதும் நிக்கவச்சுக் குதிக்கச் சொல்லணும் தம்பி. அப்பத்தான் வீக்கம் தெரியாது.”

அருளப்பனின் இரண்டு கைகளும் அவர் கழுத்தைப் பிடித்தன. நாற்காலிகள் சரிந்தன. தரையில் தள்ளி நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தான். நான்கு பேர் இழுத்தும் கையை எடுக்க முடியவில்லை.

“அமலன்! மேலத்தெரு அமலன்! ஞாபகம் இருக்காடா?”

ஏட்டின் கண்கள் பிதுங்கின. மூச்சுக்குத் தவித்தபடியே அவர் உண்மையாகவே யோசித்தார்.

“எந்த... வருசம்பா?”