கால் மணித்தியாலம்

"கிறிஸ்ரினா, லிஸ்ரிலை செலீன்ரை பேரை வெட்டு."

விநாயகமூர்த்தி சொன்னால் சொன்னதுதான். ஸ்காபரோவிலிருந்து வருடா வருடம் சுற்றுலா கூட்டிப்போகிறவர். இந்த வருடமும் அரிசோனாப் பயணம்; அதற்கு அஜின்கோர்ட் கோப்பிக் கடையில் மூன்று மணிக்குக் கூட்டம். மூன்று பத்தாகியும் செலீன் வரவில்லை.

"பாத்தியளே? இண்டைக்கும் லேற்."

போன கோடையில் அரிசோனாவில் நடந்ததை ஒருவரும் மறக்கவில்லை. நவஹோ மக்களின் நிலத்தில், சிவந்த பாலைவனத்தைச் சுற்றிக்காட்டும் ஜீப் காலை ஒன்பதுக்கு. செலீன் ஹோட்டலிலிருந்து கால் மணித்தியாலம் பிந்தி இறங்கினார். போய்ச் சேர்ந்தபோது ஜீப் போய்விட்டது. அன்று வேறு ஜீப்பிலும் இடமில்லை. பதினொரு பேரும் வாசலில் நின்று புழுதியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

திரும்பும் வழியெல்லாம் வானுக்குள் செலீனுக்கு ஒரே ஏச்சு.

"ஓம், என்ரை பிழைதான்" என்றார் அவர். அன்றிலிருந்து பெயரே 'லேற் செலீன்'.

"பாவம் அண்ணை," என்றார் கூடப் பயணம் வருகிற ஜூலியஸ். "மனுசன் செத்தாப்பிறகு அவ வீட்டை விட்டு வெளிக்கிடுறது இந்த ஒரு பயணத்துக்குத்தான்."

"பாவம் பாத்தா ஜீப் நிக்குமோ? போனிலை வாற நேரத்தைப் பாக்காதேங்கோ, என்ரை கைமணிக்கூட்டைப் பாருங்கோ எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். முப்பது வருசம். ஒரு நிமிசம் பிசகேல்லை."

கிறிஸ்ரினா தயங்கினாள். விநாயகமூர்த்தியே பேனையைப் பறித்து வெட்டினார்.

"இனி அந்த ஜீப்காரிக்குப் போன் அடி. பத்துப் பேர் எண்டு சொல்லு."

கிறிஸ்ரினா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"டொரன்டோக்காரரா? நல்ல நினைவிருக்கிறது!" அந்த வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் சிரித்தாள். "இந்த முறையாவது மணிக்கூட்டை எங்கள் நேரத்துக்கு வையுங்கள். கோடையில் அரிசோனாவைவிட எங்கள் நிலத்தில் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே. கால் மணித்தியாலம் என்றால் காத்திருப்பேன். நீங்கள் வந்தது ஒன்றேகால் மணித்தியாலம் பிந்தி."

எல்லோரும் விநாயகமூர்த்தியின் கைமணிக்கூட்டைப் பார்த்தார்கள்.

"மன்னிப்புக் கேட்க அன்றைக்கே என்னைப் போனில் கூப்பிட்ட அம்மாவிடம் சொன்னேனே. 'கூட்டிவந்த பெரியவர் வெட்கப்படுவார், பிந்தியது நானாகவே இருக்கட்டும்' என்றார்... ஐயோ, நான் சொல்லியிருக்கக் கூடாதோ?"

கதவு திறந்தது. செலீன். ஓடிவந்த இளைப்பு.

"குறை நினையாதேங்கோ அண்ணை. பஸ்ஸை விட்டுட்டன். பிந்திட்டுது."

விநாயகமூர்த்தி கைமணிக்கூட்டைக் கழற்றினார். சட்டைப் பைக்குள் போட்டார். பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டார்.

"பிந்தேல்லை. மணிக்கூடு பிழை. இரு."