புளுகுப் பூ

“ஒரு பூவைச் சாட்டிப் புல்லு வெட்டாமல் தப்புற ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒராள்தானப்பா!”

வந்திருந்த விருந்தாளிக்கும் கேட்கட்டும் என்றுதான் பேர்ணடெட் கணவனிடம் சத்தமாகச் சொன்னாள்.

சான்ட்ரிங்ஹாம் வீட்டின் பின்வளவில் புல் முழங்காலைத் தாண்டி நின்றது. போன கோடையில் ஒரு கருங்கல்லின் ஓரத்தில் நகமளவு வெள்ளைப் பூவைக் கண்ட யோகராஜா, “இது இந்த நாட்டின்ர சொந்தப் பூ. அருமையானது. புல்லு வெட்டுற மெஷின் பட்டால் அழிஞ்சுபோம்” என்று அறிவித்துவிட்டான். அன்றிலிருந்து மெஷின் கராஜில் ஓய்வெடுக்கிறது. அவனும் சனிக்கிழமைகளில் கிரிக்கெட் பார்த்து ஓய்வெடுக்கிறான்.

யோகராஜா சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டுக் கேள் என்பது சர்ச்சுக்கு வரும் எல்லோரும் அறிந்த கணக்கு. மீதிப் பாதியையும் பேர்ணடெட் தள்ளிவிடுவாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. புல் வெட்டுவது என்ன பெரிய வேலையா? இந்த ஒரு தடவையாவது அவன் சொன்னதைக் கட்டினவள் நம்ப வேண்டும். அதற்காகவே தாவர ஆராய்ச்சி செய்யும் மலேசியப் பெண் விஷாலினியைக் கெஞ்சி வரவழைத்திருந்தான்.

“புளுகெண்டா இண்டைக்கே வெட்டோணும்” என்றாள் பேர்ணடெட்.

“ஓம். மெய்யெண்டா?”

“மெய்யெண்டா பாப்பம்.”

விஷாலினி புல்லை விலக்கி, கல்லருகே குப்புறப் படுத்தாள். பூவின் மேல் லென்ஸைப் பிடித்தாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள். யோகராஜா அவள் தோளுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தான்.

“அங்கிள்!” என்று துள்ளி எழுந்தாள். “நிஜமாவே அதுதான்! இந்தப் பக்கமெல்லாம் இது அழிஞ்சே போச்சுன்னு நினைச்சிட்டு இருந்தோம்!”

“கேட்டீரோ பேர்ணடெட்? கேட்டீரோ?” யோகராஜா புல்லுக்குள் குதித்துக் குதித்து ஆடினான். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரின் கையையும் பிடித்துக் குலுக்கினான்.

“காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை” என்றாள் பேர்ணடெட். அவனுக்கு உள்ளூரச் சுருக்கென்றது. இப்போதும் நம்பினேன் என்று ஒரு வார்த்தை இல்லை!

விஷாலினி மறுபடி குனிந்தாள். “ஆனா அங்கிள், இதுக்கு நல்ல வெயில் வேணும். கல்லை ஒட்டின குட்டைப் புல்லுதான் இதுக்கு வீடு. உயரமான புல்லு மூடினா செத்துப்போயிடும். இங்க பாருங்க, பூவைச் சுத்தி மட்டும் யாரோ அழகா கத்தரிச்சு விட்டிருக்காங்க. நீங்கதானே?”

‘ஓம்’ நாக்கு நுனிவரை வந்தது. பெரும் பாடுபட்டு விழுங்கினான்.

“நானில்லை, பிள்ளை.”

பேர்ணடெட் வேறெங்கோ பார்த்தபடி சொன்னாள். “இவர் பூவைக் கண்ட நாளில இருந்து நான்தான் வெட்டி விடுறனான். இவர் வேலையால வர முந்தி, மீன் வெட்டுற கத்தரிக்கோலால.”

யோகராஜாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

“அப்ப முதல் நாளே என்னை நம்பினனீரோ? பிறகு ஏனப்பா ஒரு வருசமா புளுகன் எண்டு ஏசினனீர்?”

“நம்பினன் எண்டு சொல்லியிருந்தா, அடுத்த கிழமை சமையலறைச் சிங்குக்குள்ளயும் ஒரு அருமையான பூ கண்டிருப்பியள்!”