நேற்று வந்த அம்மன்

ஜீப் சத்தம் கேட்டதும் தாட்சாயிணி வாசலுக்கு ஓடி வந்தாள்.

வெள்ளானூரில் ஏரிகளை இணைத்துப் பசுமைப் பாதை வரப்போகிறது, குறுக்கே நிற்கும் வீடெல்லாம் போய்விடும் என்று தெருவே பேசியது. அந்தப் பயத்தில்தான் நேற்று வாசல் வேப்பமரத்தடியில் ஒரு செங்கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மரத்துக்குச் சிவப்புப் புடவை சுற்றினாள். சாமி இருக்கும் இடத்தில் எவன் கை வைப்பான்?

எதிர்வீட்டுத் தசரதனிடமும் சொல்லி வைத்திருந்தாள். "யார் கேட்டாலும், நானே மாத்திச் சொன்னாலும், நீ பழைய கோயில்னே சொல்லு அண்ணாத்தே."

இறங்கி வந்த அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "இது எப்பலேர்ந்து இருக்கு?"

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து கீது சார். ஊரே வந்து பொங்க வைக்கும்," என்றான் தசரதன்.

அதிகாரி ஜீப்பின் மேல் வரைபடத்தை விரித்தார். அவள் அருகில் போய், தன் வீடு எங்கே என்று அதில் தேடினாள்.

"பயப்படாதீங்கம்மா. பாதை கால்வாய்க்கு அந்தப் பக்கம்தான். இங்க ஒரு வீட்டையும் தொடல."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஆனா இவ்ளோ பழைய கோயிலை விட முடியுமா? ஜனங்க வந்துபோக இடம் வேணுமே." அவருடைய பேனா கால்வாயைத் தாண்டி வந்து, வேப்பமரத்தையும் அவள் வீட்டையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டது.

"ஐயோ சார், அது கோயிலே இல்ல. நான் வச்ச செங்கல்லு."

எட்ட நின்றிருந்த தசரதன் பதறி ஓடி வந்தான்.

"பயத்துல உளறுது சார். நீங்க எழுதிக்கங்க, பழைய கோயில்தான்."