நூற்று நாற்பத்திரண்டு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த மாராத்தாளின் இதயத்துக்குள் நெல்லிக்காய் அளவு ஏதோ இருந்தது. சதைக்கட்டி என்றால் நெஞ்சைத் திறந்து எடுக்க வேண்டும். உறைந்த ரத்தம் என்றால் மாத்திரையிலேயே கரைந்துவிடும்.

இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கும் பவ்யா நரம்பில் மருந்தை ஏற்றினாள். ரத்த ஓட்டமுள்ள சதையாக இருந்தால் திரையில் ஒளிரும். இது கறுப்பாகவே கிடந்தது.

“உறைஞ்ச ரத்தந்தாம்மா. மாத்திரையில கரைஞ்சிரும்,” என்றாள். மாராத்தாள் முருகனைக் கும்பிட்டாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று பவ்யா திரையில் அந்தக் கறுப்பின்மேல் அளவுக் கோட்டை வைத்து, உள்ளே அசைவிருந்தால் கேட்கும் ஒலியைத் திறந்தாள். மாராத்தாளின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு அறுபத்தெட்டு. கறுப்புக்குள்ளிருந்து வந்தது நூற்று நாற்பத்திரண்டு. இயந்திரத்தை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே எண். நான்கு வருடம் கர்ப்ப ஸ்கேன் எடுத்தவள் அவள். குதிரை ஓடுவது போன்ற அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

“ஏனுங்க, இது நான் கேட்ட சத்தமுங்க,” என்றாள் மாராத்தாள். “அஞ்சாம் மாசம் ஸ்கேன்ல கேட்டனுங்க. ஆறாம் மாசம் போனப்ப நின்னுபோச்சுன்னாங்க. இருவது வருசமாச்சு.”



“மாத்திரை வேண்டாம்னு டாக்டர்கிட்டச் சொல்லிருங்க கண்ணு,” என்றாள் மாராத்தாளே மறுபடி.

இடது மார்பின்மேல் உள்ளங்கையை வைத்து, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் மெல்லத் தட்டிக்கொடுத்தாள். எண் நூற்று முப்பதுக்கு இறங்கியது. பிறகு நூற்றுப் பத்தொன்பது. யாரும் சொல்லாமலே பவ்யா ஒலியைக் குறைத்தாள்.