ஆயில் குடிக்கிற வண்டி

"வாசல் தரையைப் பார்த்தா வீடு மாதிரியா இருக்கு? உங்க கறுப்புக் கை படாத துண்டு ஒண்ணு மிச்சம் இருக்கா?"

வண்டிச் சாமான் கடைக்குள் கால் வைக்கும்போதே அவள் குரல் ஓங்கிவிட்டது. ஸ்பேனர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"மெதுவாப் பேசேன்மா," என்றான் கணவன். "வேற கடைக்குப் போவோமே. இங்க விலை ஜாஸ்தி."

"விலையை நான் பாத்துக்கறேன். நீங்க சும்மா வாங்க."

பேரத்தில் அவளை ஜெயித்த வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. அது அவனுக்கும் தெரியும். அவன் பயந்தது விலைக்கு இல்லை, கடைக்காரருக்கு.

முந்தாநாள் இதே கவுண்டரில், அழுக்குச் சட்டையோடு நின்று, ஒர்க்‌ஷாப்புக்குச் சாமான் வாங்கிப் போனவன் அவன். வேலை பார்த்த ஆபீஸை மூடி மாசக்கணக்காகிவிட்டது. இப்போது பார்ப்பது மெக்கானிக் வேலை. வீட்டில் சொல்லவில்லை. காலையில் இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்புவான், ஒர்க்‌ஷாப்பில் மாற்றிக்கொள்வான், சாயங்காலம் மறுபடியும் ஆபீசராகி வீடு திரும்புவான். நகத்தில் தங்கிவிடும் கறுப்புக்கு மட்டும் ஒரு பதில் வைத்திருந்தான்: "நம்ம வண்டிக்கு ஆயில் மாத்தினேன்." சொன்ன பொய் நிற்க வேண்டுமே என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே மாற்றிக் காட்டினான். அவசரத்தில் தரையும் போனது, துண்டும் போனது.

அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கடைக்காரரைப் பார்த்தான். கையெடுத்துக் கும்பிடாத குறை.

"வாங்க சார்," என்றார் கடைக்காரர். முந்தாநாள் 'என்னப்பா வேணும்' என்று கேட்ட அதே வாய். "நம்ம கடைக்கு முதல் தடவையா வர்றீங்களா?"

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அண்ணே, ஒரு சொட்டு கீழ விழாம ஆயில் மாத்தணும். என்னென்ன வேணுமோ எடுத்து வைங்க," என்றாள்.

"இந்தத் தட்டை இன்ஜினுக்கு அடியில வெச்சாப் போதும்மா."

"விளிம்பு விரல் உசரம்கூட இல்ல. தூக்கும்போது தளும்பாதா? மூடி போட்டு, ஓரத்துல மூக்கு வெச்சது இருக்கே, அதை எடுங்க. பழைய ஆயிலைக் கேன்ல ஊத்தும்போதும் சிந்தக் கூடாது."

"அது பெருசும்மா. நாலஞ்சு வண்டி ஆயில் பிடிக்கும்."

"பிடிக்கட்டும். எங்க வண்டி குடிக்கிற குடி உங்களுக்கு என்ன தெரியும்? வாரத்துக்கு ரெண்டு தடவை ஆயில் மாத்தறார் இவர்."

கடைக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"புனல் கழுத்து நீளமா இருக்கணும். இந்தக் குட்டைப் புனல்ல ஊத்தினா பாதி இன்ஜின் மேலதான் வழியும். ஸ்பேனர் நல்லா இறுக்கிப் பிடிக்கிறதா குடுங்க. நழுவினா கை நேரா போய் சூடான சைலன்சர்ல படும்."

அவன் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"கையுறை ஒரு ஜோடி போதுமாம்மா?"

"பெட்டியோட குடுங்க. கை கழுவுற பேஸ்ட் பெரிய டப்பா. அப்புறம், மண்டி போட்டு உக்கார முழங்காலுக்கு அடியில போடுற மெத்தை."

"ஒரு வண்டிக்கு இதெல்லாம் எதுக்கும்மா?" என்றான் கணவன்.

"தரையைத் தேய்க்கறது நானா நீங்களா?"

சுற்றி நின்றவர்கள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பாவம், வாய்த்த மனைவி அப்படி.

விலை சொன்னார் கடைக்காரர். அவள் அதில் பாதியைச் சொன்னாள்.

"கட்டுப்படி ஆகாதும்மா."

"கட்டுப்படி ஆகாமத்தான் கடைக்கு மேல மாடி எழுப்பினீங்களா?"

"அது பேங்க் கடன்மா! குறைச்ச விலை மெக்கானிக்குகளுக்கு மட்டும்தான். அதோ போர்டே வெச்சிருக்கேன் பாருங்க."

அவள் போர்டை நிதானமாகப் படித்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

"ஏங்க, நமக்கு வேண்டியவங்கள்ல மெக்கானிக் யாராச்சும் இருக்காங்களா?"

"யாரு... யாரும் இல்லையே."

அவன் இழுத்துவிட்டிருந்த சட்டைக் கையைப் பார்த்தாள்.

"சரி. பில் போடுங்கண்ணே."

கடைக்காரரால் நம்ப முடியவில்லை. மனசு மாறுவதற்குள் மளமளவென்று எழுதி நீட்டினார். அவள் அதை வாங்காமல், சாமான்களை ஒவ்வொன்றாகப் பையில் அடுக்கினாள். பையைக் கணவன் கையில் கொடுத்தாள்.

"நாளைக்குக் காலையில டிபன் பாக்ஸோட இதையும் எடுத்துட்டுப் போங்க. மத்ததை மறந்தாலும் அந்த மெத்தையை மறக்காதீங்க. தூக்கத்துல முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு முனகறீங்க. கேக்கச் சகிக்கல."

அவன் பைக்குள் இருந்த மெத்தையைப் பார்த்தான்.

அவள் பில்லைக் கடைக்காரர் பக்கமே தள்ளினாள். பழைய குரல் திரும்பிவிட்டது.

"மெக்கானிக் விலை போடுங்கண்ணே! உழைக்கிற மனுஷன்கிட்ட மத்தவங்க விலையா வாங்குவீங்க?"